ஏலக்காய்க்கு ஸ்பானிஷ் தெரியும்

கேள்வி: அக்கா, வணக்கம். எனக்கு 23 வயது. சொந்த ஊர் குமுளி. பி.ஏ. ஆங்கிலம் முடித்திருக்கிறேன். ஊரடங்குக் காலத்தில் செல்போனில் விளையாட்டாகத் தொடங்கிய ஸ்பானிஷ், இப்போது ஆன்லைன் வகுப்பில் ஏ2 நிலை வரை வந்திருக்கிறது. ஸ்பானிஷ் மொழியும் பண்பாடும் முதுகலையாகப் படிக்க ஆசை. கோட்டயத்தில் ஒரு ஏஜென்சிக்காரர்கள், “ஸ்பெயினில் ஓராண்டு மாஸ்டர் இருக்கிறது, மொழியை அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம், மொத்தம் 11 லட்சம், முன்பணம் 75 ஆயிரத்தை இந்த மாதக் கடைசிக்குள் கட்டிவிடு” என்கிறார்கள். அப்பா வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் ஸ்டோரில், அதாவது காயை உலர்த்துகிற இடத்தில், வேலை பார்க்கிறார். அம்மா காய் எடுக்கப் போகிறார். அப்பா என்னை பி.எட். சேரச் சொல்கிறார். “ஸ்பானிஷ் படித்து என்ன செய்யப் போகிறாய், ஏலக்காய்க்கு ஸ்பானிஷ் தெரியுமா?” என்று கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.
– வாசகி, குமுளி

பதில்: அக்கா என்று எழுதிவிட்டாய். அதனால் ‘நீங்கள்’ வேண்டாம், ‘நீ’ என்றே எழுதுகிறேன். இந்த நீ, நீங்கள் விவகாரம் ஸ்பானிஷிலும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அப்பாவின் கேள்வி. அவர் கிண்டலாகக் கேட்டிருக்கிறார். ஆனால் பதில், தெரியும் என்பதுதான். உலகத்தில் ஏலக்காயை அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடு குவாத்தமாலா. அங்கே ஆட்சிமொழி ஸ்பானிஷ். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் செடியை, முதல் உலகப் போருக்கு முன்பு ஒரு ஜெர்மன் காப்பித் தோட்டக்காரர் அங்கே ஆல்தா வெராபாஸ் என்ற மலைப்பகுதிக்குக் கொண்டுபோனார். மழையும் குளிரும் மர நிழலுமாக அந்த இடம் நம் வண்டன்மேடு மாதிரியே இருந்ததால் செடி பிடித்துக்கொண்டது. அரபு நாடுகளில் காவா என்கிற காப்பியில் போடுகிற ஏலக்காய்க்கு அவர்களும் நாமும்தான் போட்டி. அங்கே விளைச்சல் படுத்தால் இங்கே விலை ஏறும். அப்பாவுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். புத்தடியிலோ போடியிலோ ஏலம் நடக்கிற நாளில் ‘குவாத்தமாலா காய்’ என்ற பேச்சு வராமல் இருக்காது.

நான் போடிக்காரி. என் மாமா கமிஷன் கடையில் கணக்கு எழுதினார். சின்ன வயதில் அவர் வாயிலிருந்து ‘குவாத்தமாலாவில் இந்த வருசம் காய் இல்லையாம்’ என்று கேட்டுக் கேட்டு, போடிமெட்டு தாண்டினால் வருகிற ஏதோ ஒரு எஸ்டேட்டின் பெயர் அது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஸ்பானிஷ் படித்தேன், 19 வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், ஒப்பந்தங்களும் மருந்துக் கம்பெனி ஆவணங்களும் மொழிபெயர்க்கிறேன். இன்னும் குவாத்தமாலாவைப் பார்த்ததில்லை. அது வேறு கதை.

ஆக, அப்பாவுக்குப் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு 75 ஆயிரம் கட்டிவிடாதே.

உன் கடிதத்தில் என்னை உறுத்திய வரி, ‘மொழியை அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம்’ என்பது. முதுகலை என்பது மொழி கற்கிற இடம் கிடையாது. மொழி கற்று முடிந்த பிறகு, அந்த மொழியில் வேறு ஒன்றைக் கற்கிற இடம். இலக்கிய வரலாறு, மொழியியல், மொழிபெயர்ப்பு, வெளிநாட்டவர்க்கு ஸ்பானிஷ் கற்பிக்கும் முறை என்று என்ன எடுத்தாலும், பாடம் ஸ்பானிஷில் நடக்கும், தேர்வை ஸ்பானிஷில் எழுத வேண்டும், கடைசியில் ஓர் ஆய்வேட்டையும் ஸ்பானிஷில் கொடுக்க வேண்டும். மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று படிப்படியாக ஏறுகிற ஐரோப்பிய அளவுகோலில் அளப்பார்கள். பொதுவாக எதிர்பார்க்கப்படுவது பி2, பல இடங்களில் சி1. ஏ2 என்றால் கடையில் பேரம் பேசலாம், பஸ்ஸில் வழி கேட்கலாம், வீட்டைப் பற்றிப் பத்து வரி எழுதலாம். 400 ஆண்டு பழைய நாடகத்தைப் படித்து அதில் கௌரவம் என்ற கருத்து எப்படி வேலை செய்கிறது என்று நாலு பக்கம் எழுத முடியாது.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். டெல்லியில் எம்.ஏ. சேரும்போது என் நிலை பி1-க்குக் கொஞ்சம் மேலே. நுழைவுத் தேர்வில் எப்படியோ தப்பித்தேன். முதல் வாரமே 1605-இல் அச்சான உரைநடையில் ஓர் அத்தியாயத்தைக் கையில் கொடுத்தார்கள். ஒரு பக்கத்துக்கு அறுபது சொல் அகராதியில் பார்த்தேன். மற்றவர்கள் கதையில் எங்கே சிரிப்பு வருகிறது என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நான் வினைச்சொல்லின் காலம் எது என்று தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பருவத்தில் ஒரு தாள் போயிற்று. ஊருக்குப் போன் பண்ணி ‘எல்லாம் நல்லா போகுது’ என்று சொன்னதும் நினைவிருக்கிறது.

சரி, அந்த ‘ஓராண்டு மாஸ்டர்’ என்ன? ஸ்பெயினில் இரண்டு வகை உண்டு. ஒன்று அரசு அங்கீகாரம் பெற்ற முதுகலை. அதன் பெயரில் ‘மாஸ்தெர் உனிவெர்சிதாரியோ’ என்று இருக்கும். குறைந்தது 60 கிரெடிட், ஐரோப்பா முழுக்கச் செல்லும், அதை வைத்து முனைவர் பட்டத்துக்குப் போகலாம். இன்னொன்று பல்கலைக்கழகம் தானாகவே கொடுக்கிற சொந்தப் பட்டம், ‘தீதுலோ புரோப்பியோ’. 2021-இல் வந்த அரசாணைக்குப் பிறகு இந்த வகை மாஸ்டரை ‘மாஸ்தெர் தெ ஃபொர்மாசியோன் பெர்மனென்தெ’ என்கிறார்கள். இதில் மோசடி ஒன்றும் இல்லை, சில நன்றாகவே நடக்கும். ஆனால் அது ஆராய்ச்சிப் படிப்புக்கு நேர் வழி ஆகாது. இந்தியாவில் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு இணைச் சான்று, அதாவது இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்ற சான்று, வாங்கப் போனாலும் சிக்கல். ஏ2 நிலையில் ஒருத்தியை எடுத்துக்கொள்கிறார்கள் என்றாலே, அது இரண்டாவது வகையாகவோ மொழிப் பயிற்சிக்கு ஒட்டிய பெயர்ப்பலகையாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எது என்று ஏஜென்சியைக் கேட்கத் தேவையில்லை. ஸ்பெயின் அரசு பல்கலைக்கழகங்களுக்கும் பட்டங்களுக்கும் ஒரு பொதுப் பதிவேடு வைத்திருக்கிறது, ‘ருக்த்’ என்பார்கள். இணையத்தில் யாரும் தேடலாம். படிப்பின் முழுப் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் ஏஜென்சியிடம் எழுத்தில் வாங்கி, அதில் தேடிப் பார். பெயரை எழுதித் தரத் தயங்கினால் அங்கேயே உனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இப்போது நீ படிக்க ஆசைப்படுகிற விஷயத்துக்கு வருவோம். ‘மொழியும் பண்பாடும்’ என்று எழுதியிருக்கிறாய். பண்பாடு என்றால் ஃபிளமெங்கோ நடனமும் காளைச் சண்டையும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏஜென்சி நோட்டீசிலும் அந்தப் படம்தான் இருந்திருக்கும், பந்தயம் கட்டுகிறேன். எம்.ஏ.வில் வருவது வேறு. 1492 என்ற ஒரு வருடத்தை மட்டும் எடுத்துக்கொள். அந்த ஆண்டில்தான் கிரனாதா வீழ்ந்து, 711-இல் தொடங்கிய இஸ்லாமிய ஆட்சி ஸ்பெயினில் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு யூதர்களை வெளியேற்றினார்கள். அதே ஆண்டு கொலம்பஸ் கடல் தாண்டினார். அதே ஆண்டு சலமான்காவில் நெப்ரிகா என்ற அறிஞர் காஸ்தீலிய மொழிக்கு, அதாவது இன்று நாம் ஸ்பானிஷ் என்கிற மொழிக்கு, முதல் இலக்கண நூலை அச்சிட்டு அரசிக்குச் சமர்ப்பித்தார். நமக்குத் தொல்காப்பியம் உண்டு என்பதால் 1492 நேற்று மாதிரி தோன்றும். ஆனால் அந்த இலக்கணம் ஒரு பேரரசின் தொடக்கத்தில் நிற்கிறது. மதம், ஆட்சி, கடல், இலக்கணம் நாலும் ஒரே வருடத்தில் எப்படிப் பின்னிக்கொண்டன என்பதை ஒரு பருவம் முழுக்கப் படிக்கலாம். அங்கிருந்து அமெரிக்கக் கண்டத்துக் குடியேற்றம், அந்நாடுகளின் விடுதலை, 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போர், 1975 வரை நீடித்த ஃபிராங்கோவின் சர்வாதிகாரம், 1960-களில் லத்தீன் அமெரிக்க நாவல்கள் உலகத்தைப் பிடித்துக்கொண்ட கதை என்று அது நீளும்.

இதில் உனக்கு ஒரு சொந்தப் பிடி இருக்கிறது. 1956-இல் மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது பீர்மேடு, தேவிகுளம் யாருக்கு என்று நடந்த சண்டையை உன் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், பட்டம் ஆங்கிலத்தில் என்று வளர்ந்தவள் நீ. ஸ்பெயினின் 1978 அரசியல் சாசனம், நாட்டின் ஆட்சிமொழியை ‘ஸ்பானிஷ்’ என்று சொல்லாமல் ‘காஸ்தெயானோ’, அதாவது காஸ்தீலியம், என்று சொல்கிறது. காரணம், கட்டலானும் கலீசியனும் பாஸ்க்கும் பேசுகிறவர்கள் ‘எங்கள் மொழியும் ஸ்பெயினின் மொழிதானே’ என்று கேட்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கிற உரசலை டெல்லி மாணவனுக்கு விளக்க அரை மணி நேரம் ஆகும். குமுளிக்காரிக்கு ஒரு நிமிடம். குவாத்தமாலாவிலும் அப்படித்தான். ஏலக்காய் விளைகிற அந்த மலையில் தோட்டக்காரர்கள் பலருக்கு வீட்டு மொழி கெக்சி என்ற மாயா மொழி. ஸ்பானிஷ் அவர்களுக்கு ஆபீஸ் மொழி. காய் எடுக்கிறவர்களின் மொழி ஒன்று, கணக்கு எழுதுகிறவர்களின் மொழி வேறு. உன் அம்மாவைக் கேள், அது எப்படி இருக்கும் என்று சொல்வார். நாளைக்கு ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடி நூலகத்தில் அலையத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்து, பி2-க்கு எப்படிப் போவது? ஏ2 முடித்தவளுக்கு இன்னும் முந்நூறு, முந்நூற்றைம்பது மணி நேர வகுப்பு தேவைப்படும் என்பது என் அனுபவக் கணக்கு. வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்றால் ஏழு, எட்டு மாதம். படிப்பதும் கேட்பதும் அதற்கு மேல். ஒரு வருடம் என்று வைத்துக்கொள். இதில் நான் எல்லா மாணவர்களிடமும் சண்டை போடுகிற ஒரு விஷயம் உண்டு. தமிழ்ப் பிள்ளைகள் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறார்கள். புத்தகம் அப்படி, செயலி அப்படி. ஆனால் பல இடங்களில் தமிழ் வழிதான் குறுக்கு வழி.

‘மெ குஸ்தா எல் கஃபே’ என்ற வாக்கியத்தை ஆங்கிலக்காரனுக்கு விளக்கப் பலகை முழுக்க அம்புக்குறி போட வேண்டும். உனக்கு? ‘எனக்குக் காப்பி பிடிக்கும்.’ முடிந்தது. ‘மெ துவெலெ லா கபேசா’, எனக்குத் தலை வலிக்கிறது. அதே அமைப்பு. ‘வந்தேன்’ என்றால் நான் என்று தனியாகச் சொல்ல வேண்டாம், விகுதியே சொல்லிவிடும். ஸ்பானிஷிலும் வினை தானே ஆளைக் காட்டிக்கொடுக்கும். ‘மஞானா’ என்ற சொல்லில் வருகிற ஒலிக்கு நம்மிடம் ஞகரம் என்று தனி எழுத்தே இருக்கிறது. அப்புறம் ரகரமும் றகரமும். ‘பெரோ’ என்றால் ஆனால். ‘பெறோ’ என்று நாக்கை உருட்டினால் நாய். தமிழ்நாட்டில் பேச்சில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. நீயோ தினமும் மலையாளத்தில் கரியையும் கறியையும் பிரித்துக் கேட்கிறாய். ஹோட்டலில் கறி கேட்டால் கரித்துண்டு வரக் கூடாதல்லவா? அந்தக் காதோடு போ. உன் ஊர்க் கடையில் கேட்கிற நாரங்கா வெள்ளத்தையும் (எலுமிச்சை ஜூஸ்தான்) கூட எடுத்துக்கொண்டு போகலாம். ஸ்பானிஷில் ஆரஞ்சுக்கு ‘நரான்ஹா’ என்று பெயர். அரபியிலிருந்து அங்கே போனது, அரபிக்குப் பாரசீகத்திலிருந்து, அதற்கு வடமொழியிலிருந்து. வடமொழிக்கு நம் பக்கத்துத் திராவிட மொழியிலிருந்து போயிருக்க வேண்டும் என்று மொழியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

நீ, நீங்கள் என்றேனே. ஸ்பானிஷில் ‘தூ’ என்பது நீ, ‘உஸ்தெத்’ என்பது நீங்கள். குவாத்தமாலா உட்பட மத்திய அமெரிக்காவில் ‘வோஸ்’ என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. நெருங்கிய சிநேகிதர்களுக்குள் அது. நம் ‘வாடி, போடி’ இருக்கிறதே, ஏறக்குறைய அந்த இடம். யாரிடம் எது என்று தெரியாமல் தடுமாறுகிறவர்கள் ஆங்கிலத்திலிருந்து வருகிறவர்கள். மாமாவையும் தோட்ட முதலாளியையும் ஒரே மாதிரி கூப்பிடாத நமக்கு அந்தத் தடுமாற்றம் குறைவு.

கஷ்டமும் சொல்ல வேண்டும். மேசை பெண், புத்தகம் ஆண் என்று ஒவ்வொரு பொருளுக்கும் பால் உண்டு. எல்லாவற்றையும் அஃறிணையில் போட்டுப் பழகிய நமக்கு இது எரிச்சல். என் வகுப்பில் இந்தி பேசுகிற பிள்ளைகள் இதை மூச்சுவிடாமல் தாண்டினார்கள், நான் இரண்டாம் ஆண்டிலும் தப்பு விட்டேன். அதைவிட, விருப்பம், சந்தேகம், அச்சம் இவற்றைச் சொல்லும்போது வினை மாறுகிற ‘சுபுஹுந்தீவோ’ என்ற வடிவம் ஒன்று இருக்கிறது. பி1-லிருந்து பி2-க்கு ஏறுகிறவர்கள் மூச்சிரைப்பது அந்த இடத்தில்தான். கம்பம்மெட்டு ஏறுகிற ஜீப் மாதிரி, முதல் கியரில்தான் போக வேண்டும். அவசரப்பட்டால் பின்னால் உருளும்.

நிலையை நிரூபிக்க இரண்டு தேர்வு. ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனமான இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தேஸ் நடத்துகிற ‘தெலெ’ ஒன்று. ஒருமுறை தேறினால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். ‘சியேலே’ இன்னொன்று. கணினியில் எழுதுவது, முடிவு சீக்கிரம் வரும், ஐந்து ஆண்டுதான் செல்லும். நீ தெலெ பி2 எழுது. கொஞ்சம் செலவு கூட, ஆனால் ஒரே செலவு.

பி2 கையில் வந்த பிறகு எங்கே சேர்வது என்று பார்க்கலாம். என்னைக் கேட்டால் முதலில் ஹைதராபாத்தில் உள்ள ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகம். ‘இஃப்லு’ என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்கும் தெரியும். மத்தியப் பல்கலைக்கழகம், அங்கே ஸ்பானிஷ் எம்.ஏ. இருக்கிறது. டெல்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷுக்குப் பழைய, வலுவான மையம் உண்டு. டெல்லி பல்கலைக்கழகத்தில் ஹிஸ்பானிக் ஆய்வுகள் என்ற பெயரில் எம்.ஏ. நடக்கிறது. இந்த இடங்களில் படிப்புக் கட்டணம் உன் ஏஜென்சி கேட்கிற முன்பணத்தைவிடக் குறைவாகவே இருக்கும். விடுதிச் செலவும் தாங்கக்கூடியது. ஆனால் ஸ்பானிஷில் பி.ஏ. அல்லது அதற்கு ஈடான திறன் கேட்பார்கள். உன் பி.ஏ. ஆங்கிலத்தில் என்பதால் பட்டயமோ தெலெ சான்றோ எதை ஏற்பார்கள் என்பதை அந்தந்த ஆண்டு கையேட்டில் பார்த்துவிட்டு நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பி. நுழைவுத் தேர்வுக்கு மொழி மட்டும் போதாது, ஸ்பெயின், லத்தீன் அமெரிக்க வரலாறும் கொஞ்சம் படித்து வை.

இன்னொரு வழியும் இருக்கிறது, நிறையப் பேர் யோசிப்பதில்லை. உன் பி.ஏ.வை வைத்து ஹைதராபாத்திலேயே ஆங்கில எம்.ஏ. அல்லது ஒப்பிலக்கிய எம்.ஏ. சேர்ந்துவிட்டு, கூடவே பகுதிநேரமாக ஸ்பானிஷ் பட்டயம் படிப்பது. இரண்டு வருடத்தில் ஒரு முதுகலையும் இருக்கும், ஸ்பானிஷும் ஏறியிருக்கும். முதல் வழி கிடைக்காவிட்டால் இது தோல்வி என்று நினைக்காதே. என் மாணவிகளில் நன்றாக மொழிபெயர்க்கிற இரண்டு பேர் இப்படி வந்தவர்கள்.

ஸ்பெயினே வேண்டும் என்றால், அதையும் கணக்காகப் பார்ப்போம். ஆண்டலூசியாப் பகுதியின் அரசுப் பல்கலைக்கழகங்களில், செவீயா, கிரனாதா போன்றவற்றில், பல முதுகலைகளுக்கு ஆண்டுக் கட்டணம் ஆயிரம் யூரோவுக்குள் அடங்கும். மத்ரித்திலும் பார்சலோனாவிலும் வெளிநாட்டு மாணவர்க்கு இதைவிடப் பல மடங்கு. விசாவுக்கு, மாதம் 600 யூரோ என்ற கணக்கில் தங்கும் காலம் முழுவதற்கும் பணம் காட்ட வேண்டும். ஒரு வருடத்துக்கு 7,200 யூரோ. யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஏழு லட்சத்து இருபதாயிரம். அதைச் செலவு செய்துதான் ஆக வேண்டும், வெறும் காட்டுகிற பணம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. மாணவர் விசாவில் வாரம் 30 மணி நேரம் வரை வேலை பார்க்க அனுமதி உண்டு. ஆனால் வேலை கிடைக்கும் என்று அனுமதிச் சீட்டில் எழுதியிருக்காது. உன் பட்டச் சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டுகிற, வெளியுறவுத் துறையின் அப்போஸ்தில் முத்திரை வேண்டும், பிறகு ஸ்பெயின் அரசு ஒப்புக்கொண்ட மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திட்ட மொழிபெயர்ப்பு கேட்பார்கள். நம்முடைய மூன்றாண்டு பி.ஏ.வைச் சில பல்கலைக்கழகங்கள் அப்படியே ஏற்கும், சில கேள்வி கேட்கும். திரும்பி வந்து இங்கே கல்லூரியில் சேர நினைத்தால், ஓராண்டு முதுகலைக்கு இணைச் சான்று கிடைக்குமா என்பதையும் போகும் முன்பே கேட்டுக்கொள்.

வேலையைப் பற்றி அப்பா கவலைப்படுவது நியாயம். அவரிடம் பூசி மெழுகாதே. கல்லூரி ஆசிரியர் வேலைக்கு யு.ஜி.சி. நெட் தேர்வில் ஸ்பானிஷ் ஒரு பாடமாக இருக்கிறது. ஆனால் காலியிடம் கைவிரல் எண்ணிக்கை. சி.பி.எஸ்.இ. பாடப் பட்டியலில் ஸ்பானிஷ் உண்டு. பெங்களூரு, கொச்சி போன்ற நகரங்களில் தனியார் பள்ளிகள் ஆள் எடுக்கின்றன. அதிகம் பேர் போவது பெங்களூரு, ஹைதராபாத், சென்னையில் உள்ள நிறுவனங்களுக்கு. மெக்சிகோ, கொலம்பியா, ஸ்பெயின் கிளைகளின் கணக்கு, பில், வாடிக்கையாளர் குறைகளை இங்கிருந்து பார்ப்பார்கள். சம்பளம் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களைவிடக் கூட. அதற்கு எம்.ஏ. தேவையில்லை, பி2 போதும். மெக்சிகோ சிட்டி நமக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள். அவர்களுக்குக் காலை என்றால் உனக்கு ராத்திரி.

மொழிபெயர்ப்பில் நிலைமை மாறிவிட்டது. சாதாரணக் கடிதத்தை, விளம்பரத்தை இயந்திரம் ஒரு நொடியில் செய்துவிடுகிறது. எனக்கு அந்த வேலை கிட்டத்தட்ட நின்றே போய்விட்டது. நிற்காமல் வருவது, தவறினால் நஷ்டம் ஆகிற வேலை. ஒப்பந்தம், மருந்து ஆவணம், நீதிமன்றக் காகிதம். அங்கே மொழியோடு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் உன் ஏலக்காய்க்குத் திரும்பத் திரும்ப வருகிறேன். எட்டு எம்.எம். காய் என்றால் என்ன, ஸ்டோரில் காய் சரியாக உலரவில்லை என்றால் பச்சை நிறம் எப்படிப் போகும், ஏலத்தில் விலை எப்படி நிற்கும் என்று உனக்கு வீட்டுச் சாப்பாட்டு நேரத்திலேயே தெரிந்திருக்கிறது. ‘பிரென்சா லிப்ரே’ என்று ஒரு குவாத்தமாலா நாளிதழ் இருக்கிறது, இணையத்தில் வருகிறது. அதில் ‘கர்தமோமோ’ என்று தேடு. வருகிற செய்திகளை ஏ2 ஸ்பானிஷோடு முட்டி மோதிப் படித்து, வாரம் ஒன்றை அப்பாவுக்குத் தமிழில் சொல். அங்கே மழை எப்படி, விளைச்சல் எப்படி என்று. ஏலக்காய் வியாபாரம் உடனே வேலை கொடுத்துவிடும் என்று சொல்லவில்லை. இங்கே ஏற்றுமதிக்காரர்கள் ஆங்கிலத்திலேயே காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் மகள் படிக்கிறது வீட்டுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று என்ற அப்பாவின் எண்ணம் நாலு வாரத்தில் மாறும். உனக்கும் வாசிப்புப் பயிற்சி.

பி.எட். பற்றி. அதை எதிரி மாதிரி எழுதியிருக்கிறாய். பள்ளியில் ஸ்பானிஷ் கற்பிக்கப் போனால் பி.எட். கையில் இருப்பது பலம்தான். ஆனால் இந்த ஒரு வருடத்தை எனக்குக் கொடுங்கள், பி2 தேறாவிட்டால் மறு பேச்சில்லாமல் பி.எட். சேர்கிறேன் என்று அப்பாவிடம் தேதி போட்டுச் சொல். வகுப்புக்கும் தேர்வுக்கும் ஆகிற செலவு, ஏஜென்சிக்கு நீ கட்டவிருந்த முன்பணத்துக்குள்ளேயே அடங்கும். அந்த ஒரு வருடத்தில் தேக்கடியில் ஹோட்டல்களோ சுற்றுலா அலுவலகங்களோ பகுதிநேரமாக ஆள் கேட்டால் போ. ஸ்பானிஷ் பேசுகிற பயணிகள் அந்தப் பக்கம் வருகிறார்கள். அரைகுறை ஸ்பானிஷில் படகுச் சவாரி நேரத்தை விளக்கித் திணறுவது, பத்து வகுப்புக்குச் சமம்.

மாதக் கடைசிக்குள் பணம் கட்டச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு முன் ஏஜென்சி சொல்கிற பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பு. ஏ2 முடித்தவள், நீயே எழுதலாம். ‘உஸ்தெத்’ என்பதன் பன்மையான ‘உஸ்தெதெஸ்’ என்றே விளித்து எழுது, ‘தூ’வின் பன்மையான ‘வோசோத்ரோஸ்’ வேண்டாம், அலுவலகம் அல்லவா. கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. ஒன்று, இந்தப் படிப்புக்கு எந்த நிலை ஸ்பானிஷ் வேண்டும் என்பது. மற்றது இது: ‘எஸ் உன் தீதுலோ ஒஃபிசியால் ஓ உன் தீதுலோ புரோப்பியோ?’ அரசு அங்கீகாரப் பட்டமா, பல்கலைக்கழகத்தின் சொந்தப் பட்டமா என்று பொருள். பதில் வந்ததும் எனக்கும் அனுப்பு. வராவிட்டாலும் எழுது.